அச்செடுக்காத ஓடு

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் கல்லாகிப்போன கடலுயிர்களைத் தேய்ப்பது அவள் வேலை. அன்று கையில் இருந்தது பிராக்கியோபாட் என்னும் இரட்டை ஓட்டு உயிர். பார்த்தால் சிப்பி மாதிரி இருக்கும், சிப்பி அல்ல. அதிலும் இந்த வகை என்றோ கடலில் பூண்டற்றுப் போய்விட்டது. இரண்டு ஓடும் மூடியபடி முழுசாகக் கிடைத்தது இது ஒன்றுதான். உள்ளே இருக்கும் சுருள் உறுப்பைக் கண்டால்தான் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு ஓட்டைச் சாணைக்கல்லில் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து, தெரிவதை வரைந்துகொண்டே போக வேண்டும். முடிவில் ஓடு தூளாகிவிடும். அதனால் முதலில் சாந்தில் அச்செடுத்து வைப்பார்கள்.

இதை ஒழுங்காக முடித்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். அச்செடுக்கும் பையனுக்கும் அந்த வேலையின் மேல் கண்.

“அச்சு எடுத்துட்டியா தம்பி?”

“எடுக்காம இருப்பேனாக்கா? காயுது. நீங்க தேய்ங்க.”

நம்பித் தேய்த்தாள். பாதி ஓடு கரைந்த பிறகு, அளவு பார்க்க அச்சைத் தேடினாள். தட்டு காலியாக இருந்தது.

“எங்கப்பா அச்சு?”

“எந்த அச்சு?” டீயை ஊதிக்கொண்டே கேட்டான். “கனவு கினவு கண்டீங்களா?”

இயக்குநர் வந்தார். “கண்ணால பாக்காம கல்லுல வெச்சியா?”

“எடுத்துட்டேன்னு இவன்தான் சொன்னான் சார்.”

“பாவம், அக்காவுக்கு வயசாகுது சார்.”

இயக்குநர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது.

“நாளைலேர்ந்து வராதே. மிச்சத்தை இவன் தேய்க்கட்டும்.”

அவன் உட்கார்ந்து தண்ணீர்கூட விடாமல் அழுத்தினான். ஓடு கிறீச்சிட்டது. பையை எடுத்தவள் அப்படியே போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்து குழாயைத் திறந்தாள். அவன் கட்டைவிரலைத் தளர்த்தினாள்.

“அழுத்தாதே தம்பி, சுருள் நொறுங்கிடும். சும்மா பிடிச்சுக்க, கல்லு தானா தின்னும்.”

“தெரியும். வெளிச்சத்தை மறைக்காதீங்க.”

விலகி நின்றாள். கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று நம்புகிறேன். ஆனால் இடி எதுவும் விழவில்லை.

அவள் வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே கூச்சல் கேட்டது.

“சார், சுருள் தெரியுது! ஒரு கீறல் இல்ல!”

“கைராசிக்காரன்டா நீ!”

நொறுங்காமல் பிழைத்ததே என்று அவள் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. பிறகு படியிறங்கினாள்.