கரைவலைக்குள் ஓவசியர்

கடிதங்களும் கூட்ட அறிக்கைகளும் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லாத நான், கதையொன்றை எழுதத் துணிந்தமைக்காக முதலில் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதைச் சொல்லக்கூடிய மற்ற இருவரில் ஒருவருக்கு எழுத விருப்பமில்லை. மற்றவர் சொல்லத் தொடங்கும்போதே சிரித்துவிடுகிறார்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, சல்லிக் கரையிலுள்ள மீனவர் சங்கமொன்றின் செயலாளராகப் பணியாற்றுகிறேன். பெயர் நிருபன். நகரத்துச் சைவக் குடும்பத்தில் மச்சம் தொடாமல் வளர்ந்தவன். மீனைத் தொடாதவன் மீனவர்களுக்குச் செயலாளராக இருப்பது அக்கரையில் மூன்றாண்டுகளாகியும் பழையதாகாத பகிடி.

தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டுக் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையை அங்கே வைத்திருப்போர் ஐவர். கரை ஒன்றே என்பதால் நாளுக்கொருவராக முறை வைத்து வலை வளைப்பார்கள். முறைக்குரியவரின் வலை சூரியன் எழுமுன் தோணியில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போகும். அதை அறிவிக்க வேண்டியவன் செயலாளர். இவ்வாண்டுப் பருவத்தின் முதல் முறை, சீட்டுக் குலுக்கியதில், வள்ளிநாயகி அக்காவுக்கு விழுந்தது. மாரி முடிந்து மீன் கரையணையும் அந்த முதல் நாள் தனக்குக் கிடைப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன என்று அவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

கரையோரக் கொட்டிலை அங்கே வாடி என்பார்கள்; அவருடைய வலை இருந்த வாடிக்குள் ஒரு சாரைப்பாம்பும் இருந்தது. எலிகள் வலையை அரிக்காதிருக்க, மாரி தொடங்கும்போது அக்காவே கேட்டு வாங்கி விட்டிருந்தார். ஏறக்குறைய ஆறடி நீளம். நஞ்சில்லை, கோபம் மட்டும் தாராளம். காலையும் மாலையும் வாடியைச் சுற்றிவந்து மேற்பார்வை செய்ததால் அதற்கு ஓவசியர் என்று பெயர் வைத்திருந்தார். எலி குறைந்த நாட்களில் சூடை மீனை ஈர்க்கில் குத்தி நீட்டுவார். ஓவசியர் தலையை மட்டும் வெளியே விட்டு வாங்கிக்கொண்டு, மீன் வந்து சேரும் பையான வலையின் மடிக்குள் திரும்பிவிடுவார்.

முதல் முறைக்கு ஐந்து நாட்கள் இருக்கும்போது, தோணியை நடத்தும் இராகுலன் வலையைப் பார்க்க வாடிக்குள் போய் மடிக்குள் கையை விட்டார். விட்ட வேகத்திலேயே வெளியே வந்தார்.

“அக்கா, உங்கட ஓவசியர் என்ர விரலைச் சூடை எண்டு நினைச்சிட்டார்.”

“அது நித்திரை கொள்ளேக்க ஏன் கையை விட்டனீ?”

“நித்திரையோ விரதமோ எண்டு தட்டிக் கேட்டிட்டோ விடுறது? ஒண்டில் நீங்கள் அதை எடுங்கோ, இல்லாட்டி நாங்கள் பொல்லை எடுப்பம்.”

“பொல்லு எடுத்தா முதல் அடி எனக்கு விழட்டும். மாரி முழுக்க நீங்கள் போர்த்துக்கொண்டு படுத்தனீங்கள். வலையைப் பாத்தது அது.”

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓவசியர் வெளியேறாவிட்டால் அக்காவின் முறை போய்விட்டதென என் வாயாலேயே அறிவிக்க நேரும் என்பது எனக்குப் புரிந்தது.

“குறுக்கிடுறதுக்கு மன்னியுங்கோ. அதைப் பழக்கிப் பாக்கலாம் எண்டு நினைக்கிறன்” என்றேன்.

“ஆர், நீங்களோ? நெத்தலியைக் கண்டாலே ஒதுங்கிப் போற ஆள், செக்கட்டரி ஐயா” என்றார் இராகுலன்.

உடுத்த துணியை அருகில் வைத்தால் பாம்பு ஆளின் மணத்துக்குப் பழகும் என்று கைபேசியில் வாசித்திருந்தேன். இராகுலனின் சட்டையை வாங்கி வைத்தோம். ஓவசியர் அதைக் கவ்வி, உதறி, கைப்பகுதியைக் கிழித்துவிட்டார். மறுநாள் தயக்கத்தோடு என் சட்டையை வைத்தேன். சற்று நேரம் நாக்கை நீட்டி ஆராய்ந்தவர், அதன்மேல் சுருண்டு படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு இராகுலனின் பகிடி எனக்குப் பகிடியாகப் படவில்லை. ஓவசியர் உண்மையாகவே விரலைச் சூடை என்றுதான் எண்ணியிருக்கிறார். மீன் மணக்கும் எதுவும் அவருக்குச் சாப்பாடு. அக்கரையில் மீன் மணக்காத கைகள் இரண்டே இரண்டு, இரண்டும் என்னுடையவை.

இராகுலனுக்கு இதை ஒப்புக்கொள்ள மனமில்லை. மூன்று கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போய், மறுபடியும் கடி வாங்கிக்கொண்டு வந்தார்.

“இருவது வருச மணம், அக்கா. சவுக்காரத்துக்கு ஏலாது.”

“அப்ப தம்பிதான் போகவேணும்” என்றார் அக்கா என்னைப் பார்த்து. “பயமோ?”

“ஓம், அக்கா.”

“பரவாயில்லை. பயந்து பயந்து போங்கோ.”

அவ்வாறே போனேன். முதல் மாலை கையை நிலத்தில் வைத்தபடி கால்மணி நேரம் இருந்தேன். ஓவசியர் சீறினார், நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் மாலை நாக்கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் மாலை சட்டைக் கைக்குள் தலையை நுழைத்து, கழுத்தருகே வெளியே வந்தார். அந்தக் குளிர்ச்சியை நான் விரும்பத் தொடங்கினேன் என்பதைக் கூச்சத்துடன் தெரிவிக்கிறேன்.

முதல் முறையன்று கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது நான் வாடிக்குள் போய், மடிக்குள் இரு கைகளையும் விட்டு ஓவசியரைத் தூக்கினேன். அவர் என் தோளில் ஏறியபோது வால் பட்டு மூக்குக்கண்ணாடி விழுந்தது. வலையைச் சுமக்க ஓடிவந்தவர்களில் ஒருவர் அதை மிதித்தார். நான் ஓவசியரோடு ஒரு மூலையில் நின்றேன். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கப்பலுக்குப் பின்னால் சூரியன் தலைகாட்டியபோது வலையின் கடைசி முழம் தோணியில் இருந்தது.

“ஏறிட்டுது, செக்கட்டரி ஐயா. எழுதுங்கோ” என்று இராகுலன் கத்தினார்.

கண்ணாடியில்லாமல் எழுதினேன். பிறகு ஓவசியரைப் பனையோலைக் கடகமொன்றில் விட்டு மூடி, வாடிக்குள் வைத்துவிட்டுக் கரைக்குப் போனேன்.

வலை நிறைந்து வந்தது. முதல் வளைப்பின் முதல் மீனை வலைக்காரர் தம் கையால் ஒருவருக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். அக்கா ஒரு பாரைக்குட்டியை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராகுலன்கூடச் சிரிக்கவில்லை. இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அது நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

மீனை இராகுலனிடம் ஒப்படைத்துவிட்டுக் கடல்நீரில் கைகளைக் கழுவினேன். அது போதுமென்று நினைத்தேன். மீனோடு பழகியவர் எவரும் அப்படி நினைத்திருக்கமாட்டார். ஓவசியருக்கு நற்செய்தியைச் சொல்லக் கடகத்தின் மூடியைத் திறந்தேன். அவர் நாக்கை நீட்டினார். ஒரு கணம் யோசித்தார். பின்னர் என் பெருவிரலைக் கவ்வினார்.

வலியில் கையை உதறிவிட்டேன். அவர் நிலத்தில் விழுந்து, திறந்திருந்த கதவு வழியாகத் தாழம்பற்றைக்குள் போய்விட்டார்.

“இப்ப நீங்களும் எங்கட ஆள்தான்” என்றார் இராகுலன், துணியால் என் விரலைச் சுற்றியபடி. அக்கா தாழம்பற்றையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலையும், அதன் பின் ஒன்பது மாலைகளும், ஈர்க்கில் சூடை குத்தி அங்கே நீட்டினார். நானும் கூடப் போனேன்.

இழந்தவை: இராகுலனின் சட்டை ஒன்று. மூக்குக்கண்ணாடி ஒன்று. சவர்க்காரக் கட்டி மூன்று. மச்சம் தொடாதவன் என்ற என் பெயர். எலி அரித்த வலைக்கண்கள், நேற்று எண்ணியபடி, நாற்பத்திரண்டு. ஓவசியர்.