நாலாவது பாட்டில் தட்டியது யார்?

எங்கள் ஈ.பி., அதாவது சின்ன இசைத்தட்டு, வெளியான சனிக்கிழமை மத்தியானம், ஜெர்மனியின் போஹும் நகரத்தில் ஊவெயின் இசைத்தட்டுக் கடையில் நிற்க இடமில்லை. தட்டில் இருப்பது நாலே பாட்டு. அந்த நாலுக்காக நானும் ரோன்யாவும் இரண்டு குளிர்காலம் நிலவறையில் கிடந்திருக்கிறோம். சிந்தசைசரும் தாள இயந்திரமும் என் பாடு. கத்துவது அவள் பாடு. குழுவின் பெயர் 'கால்ட்டர் ஓஃபன்', அணைந்த அடுப்பு.

நிலவறைக்கு நேர் மேலே ஃப்ராவ் நோவிட்ஸ்கி என்ற அம்மாளின் வீடு. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் தூக்கம். நாங்கள் ஆரம்பித்ததும் ஸ்பானரால் வெந்நீர்க் குழாயைத் தட்டுவார். அந்தக் குழாய் எங்கள் அறை வழியாகத்தான் போகிறது.

நாலாவது பாட்டைப் பதிவு செய்தபோது என் தாள இயந்திரம் நடுவில் செத்துப்போனது. ரோன்யா நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ணங், ணங், ணங். ஓர் அடிகூடத் தாளம் பிசகவில்லை. பிறகு போட்டுக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

"டேய் ஹென்னிங், இத வெட்டுன, உன்ன வெட்டிருவேன்" என்றாள் ரோன்யா.

அப்படியே விட்டோம். அந்த அம்மாளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. தட்டு வெளியாகும் வாரத்தில் வானொலி அந்தப் பாட்டைத்தான் போட்டது. நாங்கள் கட்டில் உடைகிற அளவுக்குக் குதித்தோம்.

கடையில் நாங்கள் வாசிக்க ஆரம்பித்து மூன்று பாட்டு முடிந்திருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஃப்ராவ் நோவிட்ஸ்கி உள்ளே வந்தார். கையில் ஸ்பானர். கூட்டம் தானாக வழி விட்டது.

"நாலாவது பாட்டுல குழாயத் தட்டுறது யாரு?"

"நீங்கதான்" என்றாள் ரோன்யா.

"ஃபேக்டரி ரேடியோல வந்துச்சு. மாவு பிசையற மிஷினையே நிறுத்திட்டுக் கேட்டேன். என் அடி எனக்குத் தெரியாதா?"

"மன்னிச்சிருங்க, முன்னாடியே கேட்டிருக்கணும்..." என்று நான் இழுத்தேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும். அட்டையில என் பேரு எங்க?"

கடையே வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து யாரோ "நோவிட்ஸ்கி!" என்று கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது.

"இப்ப வாசிக்கிறீங்களா?" என்றாள் ரோன்யா.

"பின்ன, ஸ்பானரு எதுக்கு? ரொட்டிக்கு வெண்ணெய் தடவவா?" என்றபடி கடையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரை நோக்கி நடந்தார்.

"ஐயோ, ரேடியேட்டர் வேண்டாம்! போன மாசந்தான் பெயின்ட் அடிச்சேன்!" என்று ஊவெ அலறினான். யார் கேட்டார்கள்?

தாள இயந்திரத்தை நானே அணைத்தேன். ணங்! முதல் அடியிலேயே கூட்டம் எகிறியது. இசைத்தட்டு அலமாரிகள் ஆடின, பியர் பாட்டில்கள் உருண்டன. பாட்டு முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. ரோன்யா மறுபடி முதலிலிருந்து பிடித்தாள். "வேகமா வாசி, தூங்குமூஞ்சி!" என்று ஸ்பானரை என் பக்கம் நீட்டினார் ஃப்ராவ் நோவிட்ஸ்கி. நான் வாசித்த வாசிப்பில் சிந்தசைசரின் ஒரு கட்டையே தெறித்துப் போனது.

அதன் பிறகு கையெழுத்து கேட்டு வந்தவர்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் அட்டையிலும் தன் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்.

"அணைஞ்ச அடுப்பாம், பேரைப் பாரு. இனிமே மத்தியானம் மூணு மணிக்கு முன்னாடி சத்தம் வரக் கூடாது. நான் எந்திரிச்சு காபி குடிக்கணும்."

"சரிங்க. அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? நானும் கீழ வருவேன்."

ரோன்யா போட்ட கூச்சலில் சாயங்காலம் வரை என் காது ரீங்கரித்துக்கொண்டிருந்தது.