அறுபத்தெட்டுக்கு எதிரே

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2006 நவம்பரில் ஒரு மாலை, ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில் ரயிலை விட்டு இறங்கும்போது என் பையை இருக்கையிலேயே மறந்துவிட்டேன். உள்ளே கையுறை ஒன்று (ஒன்றுதான்), பாதி தின்ற பாண், நான்கு மாதமாக நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு கதை. மூன்று நாள் கழித்து ஒஸ்லோ நகர நடுவில் உள்ள தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் தமிழ்ப் பெண் ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் அட்டையில் உதயகுமாரி என்றிருந்தது.

“பை என்ன நிறம்?”

“கறுப்பு.”

“உள்ளுக்கை?”

“ஒரு கதை.”

“ஓ, அது நீங்களோ! பேர், விலாசம் ஏதும் இருக்குமோ எண்டு பிரிச்சு வாசிச்சனான். பத்துப் பக்கத்திலை மூண்டு பொம்பிளையள். மூண்டு பேரும் அழுகினம். ஒருத்தி எண்டாலும் கோவிக்கமாட்டாளோ?”

நான் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. “இஞ்சை கடுதாசி கேக்கிறேல்லை. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரிஞ்ச ஆளுக்குக் குடுக்கிறதுதான்” என்று பையைத் தள்ளிவிட்டார். பிறகு, வரிசையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “கோவிக்கிற பொம்பிளை வேணுமெண்டால் சொல்லுங்கோ. ஒருத்தியைத் தெரியும்” என்றார்.

அவர் சொன்னது தன்னைப் பற்றித்தான். நோர்வேக்கு வருமுன், மெல்பேர்ணில் படித்த காலத்துக் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி: மெல்பேர்ணின் குளிரில், தாய்நாட்டை எண்ணிக் கண்கலங்கியபடி ஓர் இளம்பெண் —

(பழக்கதோஷம். மூன்று வாரம் கழித்து அவர் வீட்டில் இதைப் படித்துக் காட்டியபோது, “நான் கண் கலங்கேல்லை, நல்ல சூடான இறைச்சிப் பேஸ்ட்ரி தின்னுகொண்டிருந்தனான்” என்றார்.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி: எண்பதுகளின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவைக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. அரங்குகள் நிறைந்தன. நுழைவுச்சீட்டுக்காகக் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் வீட்டுக் கராஜ் கதவுக்கு மேல் வளையம் அடித்தார்கள். இன்று அந்தக் காலத்தைப் பற்றி ஏங்கி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆண்களின் ஆட்டத்தைப் பற்றியே —

இதை நான் நிறுத்தியதற்குக் காரணம் பிலேந்திரன். அவர் இங்கே ஒரு தமிழ்ச் சஞ்சிகை நடத்துகிறார், கதை கேட்டிருந்தார். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

“கூடைப்பந்தோ? எங்கடை சனத்துக்கு விளங்காது. கிரிக்கெட்டா மாத்துங்கோ.”

“மாத்தேலாது அண்ணை.”

“சரி, அந்தப் பிள்ளையை ஆம்பிளையா மாத்துங்கோவன். 89இலை எங்கடை பொம்பிளை ஒருத்தி அங்கை போய் மேசையிலை இருந்து புள்ளி எழுதினவ எண்டால் ஆர் நம்புவான்?”

“எழுதினவதானே.”

“தம்பி, நடந்தது வேறை. நம்பிறது வேறை.”

இந்த வசனத்தை நினைவில் வைத்திருங்கள். உலகின் மறுகோடியிலிருந்து, வேறு மொழியில், இது இன்னொரு முறை வரும்.

3

1989 ஓகஸ்ட், சனிக்கிழமை. மெல்பேர்ணின் வெளிப்புறத்தில் ஒரு கழகம். (பெயர் வேண்டாம்.) ஆண்களின் ஆட்டம் ஏழரைக்கு, பெண்களின் ஆட்டம் ஐந்தரைக்கு. ஐந்தரைக்கு அரங்கின் விளக்குகளில் பாதியைத்தான் போடுவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆண்களின் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் உருளைக்கிழங்குப் பொரியலோடு உள்ளே நுழைந்து, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி நின்று கதைக்கும். பெண்கள் தங்கள் பயணச்செலவைத் தாங்களே கொடுத்து ஆடினார்கள்.

உதயகுமாரிக்கு அப்போது இருபத்துமூன்று வயது, மாணவி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதிய கை அது. “தொண்டர்கள் தேவை, சாப்பாடு உண்டு” என்ற அறிவித்தலைப் பார்த்துப் போனவள், நான்கு பருவமாக அந்த மேசையில் இருந்தாள். வேலை எளிது, கண்தான் இமைக்கக் கூடாது. புள்ளித்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மேலிருந்து கீழே அச்சடித்திருக்கும். பந்து விழுந்ததும், அணியின் மொத்தம் எந்த எண்ணுக்கு வந்ததோ அதற்கு எதிரே போட்டவளின் சட்டை இலக்கத்தை எழுத வேண்டும். தாளுக்கு அடியில் கார்பன் பிரதிகள். இளஞ்சிவப்பு நிறப் பிரதி கழகத்துக்கு. அதைக் கழகம் குப்பையில் போடும். அவள் எடுத்துக்கொண்டு போவாள்.

அன்று ஒன்பதாம் இலக்கத்துக்காக ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளர் வந்திருந்தார். அந்தச் சட்டைக்காரி தேசிய அணியின் தெரிவுக்கு அழைக்கப்பட்டவள். ஒரே ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்தவர்களின் பெயரை அரங்கின் நுழைவாயில் பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். அதுவரை அதில் ஒரு பெண்ணும் இல்லை. ஆட்டம் முடிய எட்டு விநாடி, அணி அறுபத்தாறில் நிற்கிறது, வெற்றி உறுதி. ஒன்பது இருபத்தெட்டுப் புள்ளி எடுத்திருந்தாள்.

பதினான்காம் இலக்கமும் இருபத்தெட்டு. அவள் பெயர் கொலீன். பழம் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில் காலை வேலை முடித்துவிட்டு வந்தவள். அவளைப் படம் எடுக்க ஒருவரும் வரவில்லை.

ஒன்பது எறிந்தாள். பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டுத் தெறித்தது. ஒன்பது இடிபட்டுத் தரையில் விழுந்தாள். மூன்று பேருக்கு நடுவில் ஒரு கை எழுந்தது. மணிக்கட்டில் வெள்ளைப் பட்டி கட்டிய கை, கொலீனின் கை. விரல் நுனியால் பந்தைத் தட்டினாள். பந்து உள்ளே விழுந்தது. மணி அடித்தது. அறுபத்தெட்டு.

உதயகுமாரி பேனாவை எடுத்தாள். எழுதுமுன்பே பயிற்சியாளர் மேசையருகே வந்து குனிந்தார்.

“ஒன்பதுடையது.”

“பதினாலு தட்டினாள்.”

“நீ பார்க்கவில்லை, உதயகுமாரி.”

அவள் தலையாட்டி “ஓம்” என்றாள். அறுபத்தெட்டுக்கு எதிரே ஒன்பது என்று எழுதினாள். ஒலிபெருக்கி ஒன்பதின் பெயரைச் சொன்னது. கொலீன் திரும்பி மேசையைப் பார்த்தாள். மணிக்கட்டுப் பட்டியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த பருவம் அவள் முழங்கால் போய்விட்டது.*

(*ஒன்பதின் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் தரையில் கிடந்தாள். எதையும் பார்க்கவில்லை. உண்மையிலேயே பார்க்கவில்லை.)

உதயகுமாரியிடம் இன்றும் இருக்கும் அறுபத்தொரு தாள்களிலும் மிகச் சுத்தமான எழுத்து அந்த ஒன்பதுதான். வெட்டலில்லை, திருத்தலில்லை, நடுக்கமில்லை.

4

அவர் ஏன் “ஓம்” என்றார்?

என் கதையின் முதல் வரைவில் பயிற்சியாளர், “உன் விசாவுக்கு நற்சான்றுக் கடிதம் வேண்டுமல்லவா?” என்று மெல்லிய குரலில் கேட்கிறார். நல்ல வசனம். வாசகர் அவளை உடனே மன்னித்துவிடுவார். உதயகுமாரி வீட்டுக் குசினி மேசையில் இதைப் படித்தேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“இதை வெட்டுங்கோ.”

“ஏன்?”

“ஒருத்தரும் என்னை வெருட்டேல்லை. என்னை நல்லவளாக்கிறதுக்கு நீங்கள் ஆர்? அந்தாள் செய்த அதே வேலையைத்தானே நீங்களும் செய்யிறியள். நடக்காததை என்ரை கையாலை எழுத வைக்கிறியள்.”

“அப்ப ஏன் எழுதினீங்கள்?”

அவர் எழுந்து சாளரத்தருகே போனார். கீழே வாகனத் தரிப்பிடத்தில் யாரோ கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

“அங்கை எல்லாரும் என்னை ஜூடி எண்டுதான் கூப்பிடுறவை. அவர் ஒருத்தர்தான் முழுப் பேரையும் பாடமாக்கிச் சொன்னவர். அவ்வளவுதான். அதுக்காகத்தான் எழுதினனான். வெக்கக்கேடு.”

பதின்மூன்று வயது மகள் சாருகா கைப்பந்துப் பயிற்சிக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, அது யுக்ஸ்.”

“தமிழிலை சொல்லு.”

“கள்ள விளையாட்டு.”

“அளாப்பிறது எண்டு சொல்லோணும். ஓம், அளாப்பினனான்தான்.”

“எங்கடை ட்ரேனர் அப்பிடிச் சொன்னா நான் எழுதவேமாட்டன்.”

“நீ இஞ்சை பிறந்தனி. போ, பஸ் போப்போகுது.”

5

அந்தக் கழகம் 2004இல் மூடப்பட்டது. அரங்கு இப்போது தளபாடக் கிடங்கு. 2006 செப்டெம்பரில் அவுஸ்திரேலியப் பெண்கள் கூடைப்பந்தில் உலகப் பட்டத்தை வென்றார்கள். அதுவரை பெண்களின் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர்களுக்கெல்லாம் தாங்கள் அதைத் தொட்டிலில் ஆட்டி வளர்த்தது திடீரென்று நினைவுக்கு வந்தது. கழகத்தின் வரலாற்றை எழுத ஒரு குழு அமைந்தது. இணையத்தில் அறிவித்தார்கள்: ஆண்கள், நூற்றுநாற்பது பக்கம். பெண்கள், அரைப் பக்கம், ஒரு படம். “பதிவுகள் கிடைக்கவில்லை.”

உதயகுமாரி அறுபத்தொரு தாள்களையும் பிரதியெடுத்து அனுப்பினார். வந்த பதில் “அன்புள்ள ஜூடி” என்று தொடங்கியது. தாள்கள் சுவாரசியமானவை, ஆனால் உறுதிப்படுத்த முடியாதவை. இணைத்துள்ள படிவத்தில், ஒவ்வொரு தாளும் ஆட்டத்தில் நடந்ததை நடந்தபடியே காட்டுகிறது என்று கையொப்பமிட்டு டிசெம்பர் 15க்குள் அனுப்பவும். ஒரு தாளிலேனும் ஐயம் இருந்தால் தொகுதி முழுவதும் சேர்க்கப்படாது.

கூடவே, மாதிரிக்கு என்று, ஆண்களின் அத்தியாயம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். அதன் அடிக்குறிப்புகளைப் படித்தேன். இரண்டு பருவங்களின் புள்ளிகள் பத்திரிகை நறுக்குகளிலிருந்து. ஒரு பருவம் முழுக்க, முன்னாள் வீரர் ஒருவரின் ஞாபகத்திலிருந்து. “மதுக்கடையில் கழிந்த ஓர் இனிய பிற்பகலுக்கு நன்றி” என்று அச்சில் போட்டிருக்கிறார்கள்! ஆணின் ஞாபகம் வரலாறு. பெண் எழுதிய தாளுக்கு மட்டும் சத்தியக் கடுதாசி.

அவர்களுக்கும் இதே படிவமா என்று உதயகுமாரி எழுதிக் கேட்டார். ஒரு வரிப் பதில்: அது வேறு, இது வேறு.

(பிலேந்திரன் அண்ணை, கேட்கிறதா?)

இதோடு நின்றிருந்தால் இது நேரான கோபக் கதை. எனக்கும் எளிது. ஆனால் அடுத்த கிழமை இன்னொரு மின்னஞ்சல் வந்தது. கொலீன். குழுவிடமிருந்து விலாசமும் தாளின் பிரதியும் வாங்கியிருந்தாள்.

“ஜூடி, நான் ஆடியதை என் மகள்கள் நம்பியதே இல்லை. உன் தாளைக் காட்டினேன். இருபத்தெட்டுப் புள்ளி. என் வாழ்க்கையின் மிக நல்ல நாள் அது. அதை வைத்திருந்ததற்கு நன்றி.”

அந்த இரண்டு புள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறந்துவிட்டாளா, மறக்கவில்லையா?

6

முடிவுகள்.

(அ) அவர் கையொப்பமிடுகிறார். அறுபத்தொரு ஆட்டங்கள் புத்தகத்தில் ஏறுகின்றன. இருபத்துமூன்று பெண்களுக்குப் பெயர் கிடைக்கிறது. பொய் ஒன்று அச்சில் நிரந்தரமாகிறது, அவர் சத்தியத்தோடு.

(ஆ) அவர் உண்மையை எழுதுகிறார். குழு மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் ஒதுக்குகிறது. பெண்களுக்கு மீண்டும் அரைப் பக்கம், ஒரு படம். கொலீனின் இருபத்தெட்டும் போய்விடுகிறது.

(இ) அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துவிட்டு, அறுபதுக்குக் கையொப்பமிடுகிறார். இதைச் சொல்லும்போது என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை. உதயகுமாரி என்னை முழுசிப் பார்த்தார். “அப்ப அந்த ஆட்டம் நடக்கேல்லையோ? அவளின்ரை நல்ல நாளே அதுதான் எண்டு எழுதியிருக்கிறாள்.”

(ஈ) “கொலீனிட்டையே கேக்கலாமே?”

“கேட்டால் ‘விடு ஜூடி’ எண்டுதான் சொல்லுவாள். விட்டு விட்டுப் பழகின பிள்ளை. பிறகு நான் அவளின்ரை அனுமதியோடை பொய் சொன்னவள் ஆவன். அது இதைவிடக் கேவலம்.”

(உ) அவர் கையொப்பமிடப் பேனாவை எடுக்கிறார், கண்களிலிருந்து ஒரு துளி —

இல்லை.

7

டிசெம்பர் ஒன்பது. படிவம் குசினி மேசையில் கிடக்கிறது, பழத்தட்டுக்கு அடியில் ஒரு மூலை. தபால் போய்ச் சேர வேண்டுமென்றால் இன்று போட வேண்டும். உதயகுமாரி மேலங்கியைப் போட்டுவிட்டார், சப்பாத்து இன்னும் இல்லை. நான் குறிப்புப் புத்தகத்தை மூடவில்லை என்பதைக் கவனித்தார்.

“நீங்கள் முடிவு எழுதக்கூடாது.”

“வாசிக்கிற சனம் கேக்குமே அக்கா?”

“கேக்கட்டும். அண்டைக்கு ஒருத்தர் குனிஞ்சு சொன்னார், நான் எழுதினன். இண்டைக்கு நீங்கள் எழுதினால் நான் அதைத்தான் செய்தன் எண்டு ஆகிப்போகும். எழுதினது நிண்டிடும், கண்டியளோ. எனக்குத் தெரியும்.”

அவர் ஒரு வெற்றுப் புள்ளித்தாளை எடுத்து வந்தார். பதினேழு வருடம் பழையது, மடிப்பில் மஞ்சளித்திருந்தது. அறுபத்தாறுக்கு எதிரே மட்டும் பதினான்கு என்று எழுதி, என் புத்தகத்துக்குள் வைத்தார்.

“இதைக் குடுங்கோ, அந்த வாசிக்கிற சனத்துக்கு.”

ஆகவே கொடுக்கிறேன்.

66 — 14
68 —

வாசகரே, பேனாவை எடுங்கள். அவர் கையொப்பமிட்டாரா என்பது உங்களுக்குத் தேவையில்லை. அது அவருக்கும் தபால்பெட்டிக்கும் இடையிலானது. உங்கள் வேலை இந்த ஓர் இடைவெளி மட்டும். நீங்கள் எழுதப்போகும் எண்ணால் யாருக்கு எத்தனை பக்கம் போகும், யாருடைய மகள்கள் எதை நம்புவார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு இப்போது தெரியும். எனவே தயங்குவீர்கள். தயங்குங்கள். எந்த எண்ணை எழுதினாலும் நான் வந்து திருத்தமாட்டேன்.

ஆனால் ‘நான் பார்க்கவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்றாம் பகுதியில், அந்தப் பாதி வெளிச்சத்தில், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்களும் இருந்தீர்கள்.