வீட்டு விலை

அந்த மீனின் வாலோரத்துக் கருங்கோடு இடப்பக்கம் பிரிந்திருந்ததா, வலப்பக்கமா என்று இப்போது கேட்டால் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. மீன் கண்காட்சி நடந்த அன்று வெயிலா மழையா என்பதும் குழப்பம்தான். ஆனால் கோடு பிரிந்திருந்தது, அதில் சந்தேகமில்லை. டிஸ்கஸ் மீன் தட்டுப்போல வட்டமாக இருக்கும். உடம்பின் குறுக்கே மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடும். அந்தப் பெண்மீனுக்கு மட்டும் கடைசிக் கோடு பாதியில் கிளைத்து இரண்டாக இறங்கியது. அதனால் அதன் பெயரே கவட்டை.

அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தெடுத்தவள் அக்கா. கூடப் பிறந்தவன் ஒரே தம்பிதான் என்றாலும், டிஸ்கஸ் வளர்க்கிற சின்னக் கூட்டத்தில் அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மாடியில் இரண்டு அறைகள் முழுக்கத் தொட்டிகள். உள்ளே மணல் கிடையாது, செடி கிடையாது. வெறும் கண்ணாடியும் தண்ணீரும், ஓரத்தில் குமிழி விடும் பஞ்சும். தினமும் பாதித் தண்ணீரை வடித்து, கீழே டிரம்மில் ஆறவைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். வாளி வாளியாகப் படியேற்றுவது தம்பியின் வேலை.

அக்காவிடம் இரண்டு விலை இருந்தது. விற்பவர்களுக்குக் கடை விலை. வளர்ப்பவர்களுக்கு வீட்டு விலை. அது கடை விலையில் கால்வாசிகூட வராது. வீட்டு விலைக்கு வாங்கியவர் மீனை விற்கக் கூடாது. வளர்க்க முடியாவிட்டால் திருப்பித் தந்துவிட வேண்டும். மீன் நன்றாகத் தேறிவிட்டால், குஞ்சு எடுக்க அக்கா அதை இரவல் கேட்பாள்; அப்போது மறுபேச்சு கூடாது. மீன் திரும்பிப் போகும்போது கூடவே இரண்டு குஞ்சுகளும் போகும். எல்லாம் வாய்ப்பேச்சுதான். கணவன் விட்டுப் போன பிறகு அந்த வீட்டுப் படியில் செருப்புகள் சேர்ந்ததே வீட்டு விலையால்தான் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, யாரும் பேசாமல் மீன்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அமைதிக்காகத்தான் அவள் அவ்வளவு மலிவாக விற்றாள்.

கவட்டையை வீட்டு விலைக்கு வாங்கியவர் தையல்காரர். கூட்டத்தில் கையில் காசு குறைந்தவர் அவர்தான். அந்த மீனை அக்கா மறுபடி பார்த்தது கண்காட்சி மண்டபத்தில், ஒரு கடைக்காரரின் தொட்டியில். ஒட்டியிருந்த விலை ஒரு குடும்பத்தின் மாத வாடகையைத் தாண்டியது.

"யாருகிட்டே எடுத்தீங்க?" என்று சிரித்த முகத்தோடே கேட்டாள். கோபத்தைக் காட்டினால் ஆள் வாயைத் திறக்கமாட்டார் என்பது அவள் கணக்கு.

"அதெல்லாம் சொல்ல முடியுமாக்கா? நாளைக்கு எவன் எங்கிட்ட வருவான்?" கடைக்காரரும் சிரித்தார். "ஆனா உங்க வீட்டு மீன்னு சொல்லித்தான் ரேட்டே போட்டிருக்கேன். இதுல பாதி உங்க பேருக்கு."

"அப்போ அந்தப் பாதியை எனக்குக் குடுங்க."

"பேருக்குத்தான்க்கா. உங்களுக்கா?"

அவள் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்று சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன கஷ்டமோ, வித்திருப்பான். இல்லாதவன் வேற என்ன பண்ணுவான்? விடுக்கா. போய்க் கேட்டு அவமானப்படுத்தாதே."

அவள் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதர் பொய் சொல்வார். அதை நின்று கேட்கத் தன்னால் முடியாது என்று நினைத்தாள். நியாயமான யோசனையாகத்தான் பட்டது.

அடுத்த ஞாயிறு தையல்காரர் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். வழக்கமாக நேரே ஸ்டூலுக்குப் போகிறவர், அன்று ஒவ்வொரு தொட்டியாக நின்று குனிந்து பார்த்தார். முதல் அறை, இரண்டாம் அறை, பிறகு மறுபடி முதல் அறை. எது விலை போகும் என்று பொறுக்குகிறார் என்று அக்கா நினைத்தாள்.

"ஏதாவது வேணுமா?"

அவர் தயங்கினார். அருகிலிருந்த தொட்டியில் ஒரு சின்ன மீனைக் காட்டினார். "இது எவ்வளவுக்கா?"

அவள் கடை விலையைச் சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்; அவரும் அப்படித்தான் காத்திருந்திருப்பார். பிறகு, "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வெளியே நின்றிருந்த மற்றவர்களிடம் தலையசைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் வரவில்லை. கள்ளன் தானாகவே விலகிவிட்டான் என்று அவளுக்கு ஒரு கசப்பான திருப்தி இருந்தது.

அதைக் கலைத்தவர் அதே கூட்டத்தைச் சேர்ந்த பல் டாக்டர். எதையும் பட்டென்று கேட்டுவிடுகிறவர்.

"என்னக்கா, என் ஆண் மீனை இரவல் வாங்கினீங்க, மாசக்கணக்கா ஆச்சு. மாமியார் வீட்டுக்கு அனுப்பின மாதிரி அங்கேயே தங்கிடுச்சா? குஞ்சு பொரிச்சுதா இல்லையா?"

"எந்த மீனு?"

"விளையாடாதீங்க. நீங்க கேட்டீங்கன்னு தம்பிதானே வந்து வாங்கிட்டுப் போனாரு! தையல்காரரோட கவட்டையும் அவர் கையிலதான் இருந்துச்சு. ஜோடி சேர்க்கப் போறாங்கன்னு நினைச்சேன்."

அக்கா கையிலிருந்த வலையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். அது வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

தம்பி மறுக்கவில்லை. வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஆமா, வித்தேன். அதுக்கு இப்போ என்ன?"

"என் பேரைச் சொல்லி வாங்கியிருக்கியே, வெக்கமா இல்லையாடா?"

"பேரு, பேரு! ஊருல இருக்கிறவனுக்கெல்லாம் வீட்டு விலை. பல்லு புடுங்கறவருக்கு வீட்டு விலை, பட்டன் தைக்கிறவருக்கு வீட்டு விலை. இந்த வீட்டுல இருக்கிற எனக்கு என்ன விலை போட்டே? ஒரு நாளாவது சொல்லு. தண்ணி தூக்கித் தூக்கி என் தோள்பட்டை இறங்கினதுக்கு என்ன விலை?"

அவன் செய்தது திருட்டு. அவன் கேட்டதும் சரி. இரண்டும் ஒரே படியில் நின்றன.

மறுநாள் ஒரு ஜோடி மீனைப் பையில் கட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போனாள். தையல்காரர் ஒரு பையனின் சட்டைக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் குரலில் மரியாதை குறையவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது. சுவரோரம் இருந்த கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. அது நிறைய நூல்கண்டுகள், நிறம் நிறமாக.

பையன் போன பிறகு சொன்னாள். "கவட்டையை நான் கேட்கலை. தம்பி என் பேரைச் சொல்லி ஏமாத்திட்டான். எனக்கு நேத்துதான் தெரியும்."

அவர் ஊசியில் நூல் கோத்தார். முடிச்சுப் போட்டார்.

"கண்காட்சிக்கு நானும் வந்திருந்தேன்க்கா. அந்தத் தொட்டி முன்னாடி நின்னு நீங்க கடைக்காரரோட சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. இது வேற மீனா இருக்கும், நம்ம கவட்டை அக்கா வீட்டுலதான் இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்து பார்த்தேன். எல்லாத் தொட்டியிலயும் பார்த்தேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"நீங்களும் கேட்டிருக்கலாமே அக்கா."

தெருவில் ஒரு வண்டி நின்று, மணியடித்துவிட்டுப் போனது. அவள் பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே இரண்டு மீன்களும் மிரண்டு ஒன்றன் பின் ஒன்று ஒதுங்கின.

"இதை வெச்சுக்கோங்க. காசு வேண்டாம்."

"ஓசிக்கு வேண்டாம்க்கா. விலை சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். வீட்டு விலை என்று சொல்ல நினைத்தாள். எந்த வீடு, யாருடைய வீடு என்று அவர் கேட்கப்போவதில்லைதான். ஆனாலும் அந்தச் சொல் வரவில்லை. அவரே பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "வெயில் படாம கொண்டுபோங்க. தண்ணி சூடாயிடும்."

கடைக்காரரிடம் கவட்டையை வாங்கியவர் ஒரு பெரிய ஓட்டல் முதலாளி. வரவேற்பறைத் தொட்டியில் அது ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. தம்பி பிரிந்து போய்க் கடை வைத்தான். 'அக்கா வீட்டு மீன்' என்று பலகை தொங்குகிறது. வியாபாரம் நன்றாக நடக்கிறது. பல் டாக்டர் அவனிடம் தள்ளுபடி கேட்டு வாங்குகிறார். தையல்காரர் மீன் வளர்ப்பதில்லை. அக்காவிடம் இப்போது ஒரே விலைதான். தண்ணீர் தூக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை. ஸ்டூல்களை மட்டும் அவள் இன்னும் எடுத்து வைக்கவில்லை.