ஊதிப் பார்த்த கல்

தூத்துக்குடியில் பொன்னுதுரையின் கண்ணில் படாமல் எந்த நகையும் எந்தக் கழுத்திலும் ஏறியதில்லை. ஏறியிருந்தால் அது ஒரே வாரத்தில் பச்சை பிடித்தது, இல்லையென்றால் கொக்கி கழன்று கடலில் விழுந்தது. அப்படித்தான் அவர் சொல்வார், ஊரும் தலையாட்டும். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் அவர் தலைமைக் குமாஸ்தா. பகல் முழுக்க உப்பு மூட்டைகளோடு மல்லுக்கட்டும் உத்தியோகம்தான். ஆனாலும் நாசரேத்துச் சொந்தக்காரர்கள் கல்யாணம் பேசி முடித்தால், குருவானவருக்குச் சொல்வதற்கு முன்னால் இவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். சாத்தான்குளத்திலிருந்து சித்தி மகள் அற்புதமணி வந்து நின்றாள். மகளுக்குக் கல்யாணம். ஏழு கல் வைரத் தோடு எடுக்க வேண்டும், அண்ணன் கூட வர வேண்டும்.

ஆறுமுகநயினாரின் நகைக்கடையில் ஏறி உட்கார்ந்ததுமே பொன்னுதுரை பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். இரண்டு கடை தள்ளியிருந்த துணிக்கடைக்காரர்கள்கூட யாவாரத்தை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

“நகையை முன்னால பாக்காத, அற்புதம். திருப்பிப் பாரு. கல்லுக்குப் பின்னால மூடிக் கிடந்தா உள்ள அரக்கு இருக்கும். அரக்குக்கும் தங்க வெலை போட்டுருவான். கல்லை நீக்கி எடை போடச் சொல்லு. திருப்பிக் கொடுத்தா எவ்வளவு கழிப்பான்னு வாங்கும்போதே கேட்டு ரசீதுல எழுதி வாங்கிரு.”

ஆறுமுகநயினார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அண்ணாச்சி, என் கடையில இருந்துக்கிட்டே என் சோத்துல மண்ணள்ளிப் போடுதியளே!”

“உங்களைச் சொல்லல அண்ணாச்சி, மத்த கடைக்காரனைச் சொல்லுதேன்.” பொன்னுதுரை தங்கை பக்கம் திரும்பினார். “வைரம்னா கடை லைட்டுல பாக்கவே கூடாது. இந்த வெளிச்சத்துல கூழாங்கல்லும் ஜொலிக்கும். பகல் வெளிச்சத்துல, வெள்ளைத் தாள்ல வச்சுப் பாக்கணும். பேப்பர் மேல கவுத்தா எழுத்து தெரியக் கூடாது. தெரிஞ்சா கண்ணாடி. வாயால ஊதுனா ஆவி உடனே மறையணும். நின்னா கண்ணாடி.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் துணிக்கடைக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்களே!

“எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. கண்ணாடியை முழுங்குனா சத்தமில்லாம வெளிய போயிரும். வைரத்தை முழுங்குனா குடலை நூல் நூலா அறுத்துரும். வைரம் முழுங்கிப் பிழைச்சவன் ஒருத்தன் பேரைச் சொல்லுங்க பாப்போம்?”

ஒருவருக்கும் ஒரு பெயரும் தெரியவில்லை.

தோட்டில் பதிக்கும் முன் கல்லை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, ராசி பார்க்கச் சொல்வது அந்தக் கடை வழக்கம். “எங்களுக்கு ராசி பாக்குற பழக்கம் கிடையாது” என்று சொல்லிவிட்டுப் பொன்னுதுரை பொட்டலத்தைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார். பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வதாகப் பேச்சு. அற்புதமணி கல்யாணம் சொல்லச் சாயர்புரம் போனாள். மறுநாள் காலையில் வருவாள்.

அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஜன்னலோரம் காதுக்கு ஏழாகப் பதினான்கு கற்களையும் அச்சடித்த தாளில் பரப்பினார் பொன்னுதுரை. எழுத்து தெரியவில்லை. கல்லில் மஞ்சள் சாயலும் ஓடவில்லை. கடைசியாக ஊதிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இருப்பதிலேயே பெரிய கல்லைச் சாமணத்தால் கவ்வி உதட்டருகே கொண்டு வந்து, வாயை அகலத் திறந்து மூச்சை இழுத்தார். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. கொழும்புவரைக்கும் கேட்டிருக்கும். பொன்னுதுரை திடுக்கிட்டார். சாமணம் வெறுமையாக இருந்தது.

தாளில் தேடினார். மடியில் தேடினார். தொண்டைக்குள் சில்லென்று ஏதோ வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தபோதே தரையிலும் தேடினார்.

பிறகுதான் பயம் வந்தது. வைரத்துக்கு முனை உண்டு. எத்தனை முனை என்று அவருக்குத்தான் ஊரிலேயே நன்றாகத் தெரியும். உட்கார்ந்தால் குத்துமோ என்று நின்றார். நின்றால் இறங்குமோ என்று சுவரில் சாய்ந்தார். வயிறு ஒரு தடவை குடுகுடுவென்றது. முதல் நூல் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டினார். சட்டை நனைந்துவிட்டது. பத்துக் குடம் வேர்வை.

அப்போதுதான் ஒரு நம்பிக்கை பளிச்சென்று தோன்றியது. அந்தக் கல் கண்ணாடியாக இருந்துவிட்டால்?

ஆயுசில் முதல்முறையாகப் பொன்னுதுரை ஒரு நகைக்கடைக்காரன் திருடனாக இருக்க வேண்டுமென்று ஜெபித்துக்கொண்டே, நிறைகுடம் சுமப்பவர்போல மெல்ல நடந்து கடைத்தெருவுக்குப் போனார்.

“அண்ணாச்சி, கோவப்படாதிய. அந்தப் பதினாலுல ஒண்ணே ஒண்ணு, அந்தப் பெரிய கல்லு, கண்ணாடியா இருக்க வழியுண்டா?”

ஆறுமுகநயினாரின் முகம் சிவந்தது. “என்ன கேக்கிய?”

“தெரியாமக் கலந்திருக்கலாம்லா. மனுசங்கதானே. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

“திருச்செந்தூர் முருகன் மேல சத்தியம். பதினாலும் அசல்!”

பொன்னுதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சத்தியம்லாம் எதுக்கு அண்ணாச்சி. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன இருக்கு? என் மச்சான் பம்பாய்ல நின்னு பொறுக்கின கல்லு. அதே கூட்டத்துக் கல்லு இன்னும் எங்கிட்ட இருக்கு, பாக்கியளா?” பெட்டியைத் திறந்து ஒரு கல்லை எடுத்து, உடைந்த கண்ணாடித் துண்டொன்றின் மேல் அழுத்தி இழுத்தார்.

கீச்ச்ச்.

அந்தச் சத்தம் பொன்னுதுரைக்குக் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. அப்படியே திண்டில் சரிந்தார். விஷயம் வாயிலிருந்து குளறிக் குளறி வந்தது.

இப்போது நடுங்குவது ஆறுமுகநயினாரின் முறை. கடைக்குள் ஒரு பிணம் விழுந்தால் அப்புறம் எவன் படியேறுவான்? ஓடிப்போய்க் கதவைப் பாதி சாத்தினார். “பயப்படாதிய அண்ணாச்சி. கண்ணாடிதான்! அந்தப் பெரிய கல்லு கண்ணாடியேதான்!”

பொன்னுதுரை விருட்டென்று எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். “அப்போ என் தங்கச்சிய ஏமாத்தப் பாத்திரா ஓய்? நான் கூட இருக்கும்போதே!”

“ஐயோ, இல்ல அண்ணாச்சி! அசல்தான்! உங்க உசுருக்காகப் பொய் சொன்னேன்!”

பொன்னுதுரை மறுபடியும் சரிந்தார்.

ஒரு ரிக்‌ஷாக்காரரைப் பிடித்து, பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி, வீடு வந்து சேர்ந்தார். மனைவி கிருபாபாய் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவளிடம், “ஏளா கிருபை, நான் போறேன். அடக்கத்துல எனக்குப் பிடிச்ச பாட்டையே பாடச் சொல்லு” என்றார்.

“எங்க போறிய? என்னத்த முழுங்குனிய?” முகத்தைப் பார்த்ததுமே அவள் கேட்டுவிட்டாள். முப்பது வருஷம் பிள்ளைகள் வார்டில் இருந்தவள்.

சொன்னார். அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். “எங்கன அறுக்குது?”

நெஞ்சைக் காட்டினார். தோளைக் காட்டினார். அப்புறம் முழங்காலையும் காட்டினார்.

“முழங்கால் வரைக்கும் குடல் போகாது. எங்க வார்டுல நாலணா முழுங்குனவன், பித்தான் முழுங்குனவன், சாவி முழுங்குனவன் எல்லாரையும் பாத்தாச்சு. இது பட்டை தீட்டின கல்லு, பிளேடு கெடையாது. நெசமா வலிச்சாலோ ரத்தம் போனாலோ டாக்டர்ட்ட ஓடுவோம். இப்போ இந்த வாழைப்பழச் சீப்பு முழுசையும் தின்னுங்க. பின்கட்டுல எனாமல் சட்டி வச்சிருக்கேன். வேற எங்கயும் போயிராதிய.”

ஒவ்வொரு பழத்தையும் கடைசிப் பழமாக நினைத்து, கண்ணீரோடு தின்றார். வயிறு முனகும்போதெல்லாம் வேதாகமத்துச் சங்கீதம் சொன்னார். ஒரு சங்கீதத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எல்லாவற்றையும் கலந்துகட்டிச் சொன்னார். அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடி பிடித்தபடி இருந்தாள். சிரிக்கவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

காலையில் கல் வந்தது. கிருபாபாய் கொதிநீரிலும் ஸ்பிரிட்டிலும் கழுவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பொன்னுதுரைக்கு ஆனந்தம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “நான் உசுரோட இருக்கேன். அப்போ இது கண்ணாடி! அந்த ஆளு முருகன் மேலயே பொய் சொல்லிருக்கான்!”

அற்புதமணி வருவதற்குள் பொட்டலத்தோடு கடைக்குப் பாய்ந்தார். ஆறுமுகநயினார் பிழைத்து வந்தவரைக் கும்பிட்டார், வசவை வாங்கிக்கொண்டார், பதில் பேசாமல் அந்தப் பெரிய கல்லைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து இழுத்தார்.

கீச்ச்ச்.

கண்ணாடியில் ஆழமாக, வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பொன்னுதுரை கோட்டைப் பார்த்தார். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். முந்தின நாள் முழுக்க விழாத மயக்கம் இப்போதுதான் வந்து விழுந்தது.

கல்யாணத்தன்று கோயிலில் பெண்ணின் காதுகள் இரண்டும் கலங்கரை விளக்கம்போல வீசின. இருந்ததிலேயே நயமான கல் என்று ஆறுமுகநயினார் அதை இடது தோட்டின் நடுவில் பதித்திருந்தார். பொன்னுதுரையிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தார்; பொன்னுதுரை அதை மனைவியிடம் உளறியிருந்தார். அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“அந்த நடுக் கல்லைப் பாருங்க மைனி,” என்று அற்புதமணி கிருபாபாயின் காதில் சொன்னாள். “அது மட்டும் என்னமா மின்னுது! எல்லாம் அண்ணன் கை பட்டது.”

கிருபாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அற்புதமணி அதை ஜெபத்தில் வந்த அழுகை என்று நினைத்தாள். பொன்னுதுரை மனைவி பக்கம் குனிந்தார். கல் தொண்டையில் இறங்கியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

“ஏளா, வாயைத் திறந்துராத,” என்று கெஞ்சினார்.

“நான் திறக்கல,” என்றாள் அவள். “நீங்க மொதல்ல மூடுங்க. பக்கத்துல வைரம் இருக்குல்லா.”