கேட்காமல் திறந்த இழுப்பறை

கேமரா அக்காவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த மூன்று மாடிக் கடையில் சோப்பு முதல் சூட்கேஸ் வரை யார் எதை எடுத்தாலும், எடுத்ததைக் கூடையில் போட்டார்களா, சட்டைக்குள் போட்டார்களா என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். ஜன்னல் இல்லாத அறை, சுவர் முழுக்கத் திரைகள், கையில் ஒரு வாக்கிடாக்கி. இத்தனை வருடத்தில் அவள் கண் ஓர் இடத்தில் நிலைத்து நின்றதே கிடையாது. இடது மூலை, வலது மூலை, வாசல், கல்லா, மறுபடி இடது மூலை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே கதைதான். "உன் தட்டை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க, சாப்பிடு" என்பார் புருஷன்.

வேலையில் அவளுக்கென்று சில விதிகள் உண்டு. கேட்காமலே பையைத் திறந்து காட்டுகிறவரை லேசில் விடக்கூடாது என்பது அதில் முதல் விதி. சந்தேகப்பட்டு ஓரமாகக் கூப்பிட்டதுமே சிலர் படபடவென்று பையைக் கவிழ்த்து, பர்ஸைப் பிரித்து, "பாருங்க, நல்லா பாருங்க" என்பார்கள். அவள் அலட்டிக்கொள்ளாமல் ஒன்றே ஒன்று கேட்பாள்: "நான் கேக்கவே இல்லையே, ஏன் காட்டுறீங்க?" அதோடு எதிராளியின் முகத்தில் ஈயாடாது. அதையே அவள் பாதி ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்கு அனுப்பிவிடுவாள்.

எப்படித் திருடுகிறார்கள் என்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஏன் திருடுகிறார்கள் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. பெரிய காரில் வந்து இறங்குகிற அம்மாள் ஒரு பாக்கெட் ஊக்கைச் சுருட்டிக்கொண்டு போவாள். பணம் கட்டிவிட்டு வெளியே போன வாத்தியார் திரும்பி வந்து ஒரு சாக்லேட்டை எடுப்பார். பிடித்துக் கொடுத்ததும் மானேஜர் அறைக் கதவு மூடிக்கொள்ளும். உள்ளே அவர்கள் அழுவதும் கும்பிடுவதும் திரையில் தெரியும், சத்தம் வராது. என்னதான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோய் நாற்பதையும் தாண்டிவிட்ட ஒருத்திக்கு, உளவியல் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது இப்படித்தான்.

வேலையை விடாமல், வீட்டில் இருந்தபடியே, பாதிக் காலத்தில் உளவியல் பட்டம் என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. உடனே அவளுக்குச் சந்தேகம் வந்தது. பாதிக் காலம் என்றால் மீதிப் பாதியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"மூணு வருஷப் படிப்பு ஒன்றரை வருஷத்துலயா? நான் லிஃப்ட்டுக்கு உள்ளயே இருக்கிறவன். ரொம்ப வேகமா மேல போற எதையும் நான் நம்ப மாட்டேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதோட, மனசைப் படிக்கப் போறேங்கிற. படிச்சிட்டு வந்து மொதல்ல யார் மனசைக் குடைவ? என்னுதைத்தானே?"

"உங்க மனசுல என்ன இருக்குன்னு படிக்காமலே எனக்குத் தெரியும். தூக்கம். அப்புறம் டீ."

அவர் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் லேப்டாப்பைத் திறந்தாலே ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லாவில் இருப்பவர் ஒழுங்காக இருக்கிறாரா என்று பார்க்க, முன்பின் தெரியாத ஓர் ஆளை வாடிக்கையாளர் வேஷம் போட்டு அனுப்புவார்கள். இவளும் அதே வேலையைத்தான் செய்தாள். இந்த மாதிரிப் படிப்பு நடத்துகிற மூன்று இடங்களுக்குப் போன் போட்டு, உலகத்திலேயே உருப்படாத மாணவியாகப் பேசினாள். "எனக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கெடைக்கும். கணக்கு சுத்தமா வராது. எழுதவும் சோம்பல். சேரலாமா?"

"அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல மேடம்!" என்றார் முதல் இடத்துக்காரர். "இன்னைக்கே சேர்ந்துடுங்க, ஒரே ஒரு சீட்தான் பாக்கி." மறுநாள் குரலை மாற்றிக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த ஒற்றை சீட் உட்கார ஆளில்லாமல் அப்படியே இருந்தது, பாவம். இரண்டாவது இடத்தில் குரலில் தேன் ஒழுகியது. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்காமலே, வேலை அனுபவத்துக்காகப் பாதிப் பாடங்களைத் தள்ளுபடி செய்துவிடுவதாகச் சொன்னார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள்கூடத் துணியைப் பிரித்துப் பார்ப்பார்களே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

மூன்றாவது இடத்தில் எடுத்த பெண்ணுக்கு ஜலதோஷம் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"வாரத்துக்கு ஒரு மணி நேரமா? அப்ப எங்ககிட்ட சேராதீங்க மேடம்."

கேமரா அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். "என்னது?"

"மத்தவங்க நாலு மாசம் நடத்துற பாடத்தை நாங்க எட்டு வாரத்துல முடிப்போம். பாடத்தைக் கொறைக்கல, லீவைத்தான் கொறைச்சிருக்கோம். தினமும் உக்காரணும். புள்ளியியல் கண்டிப்பா உண்டு, அழ வைக்கும். முடியாதுன்னா மெதுவா நடக்குற படிப்புல சேருங்க, அதுவும் நல்லதுதான். இன்னொண்ணு, இந்தப் பட்டம் ஒண்ணை வச்சுட்டு மனநல ஆலோசகர்னு போர்டு மாட்ட முடியாது. அதுக்கு மேல படிக்கணும். பின்னாடி வந்து சண்டை போடக்கூடாது பாருங்க, அதான் இப்பவே சொல்லிடுறேன்."

"உங்க விளம்பரத்துல சிரிச்சுட்டு நிக்கிற பொண்ணு உங்க மாணவியா?"

"மாடல் மேடம். பல்பசை விளம்பரத்துலயும் அதே பொண்ணுதான் சிரிக்கும்."

அதை அவள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். உண்மையைச் சொல்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டாள். அப்படியும் விடவில்லை. பட்டங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அலுவலகத்தைப் போனில் பிடித்து, அங்கே இருந்த மனிதர் சலித்துப்போகும் வரை குடைந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவளுக்கு. அந்த மூன்றாவது இடத்தில் விண்ணப்பித்தாள்.

இடம் உடனே கிடைத்துவிடாது. முதலில் ஒரு சோதனைப் பாடம், அதன் முடிவில் தேர்வு, தேறினால்தான் சேர்க்கை. வேலைக்குக் கிளம்புமுன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தாள். நினைவு எப்படி மங்குகிறது, கண் எப்படி ஏமாறுகிறது என்றெல்லாம் படிக்கப் படிக்க, இத்தனை நாள் சத்தமில்லாமல் ஓடிய படத்துக்கு யாரோ சத்தம் வைத்தது போலிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து புருஷன் பார்த்ததில்லை. மனிதர்கள் முன்பே நம்பிவிட்டதற்குத் தோதானதை மட்டுமே பார்ப்பார்கள் என்று ஒரு பாடம் வந்தது. அடிக்கோடு போட்டுப் படித்தாள். அதற்கு உதாரணமாக அவள் மனதில் வந்ததும் புருஷன்தான்.

தேர்வும் வீட்டிலிருந்தேதான். லேப்டாப்பின் கேமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் அடித்து நொறுக்கி எழுதினாள். தெரியாத கேள்வி என்று ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மதிப்பெண்ணுக்குப் பதில் ஒரு செய்தி வந்தது. தேர்வின்போது அவள் பார்வை பலமுறை திரையை விட்டு விலகியிருக்கிறதாம். அறையில் வேறு ஆளோ குறிப்போ இருந்திருக்கலாம் என்று சந்தேகமாம். முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, வீடியோவில் விசாரணைக்கு வரவும்.

"என்னையா?" என்றாள் சமையலறைச் சுவரைப் பார்த்து. "என்னையா சந்தேகப்படுறாங்க?"

விசாரணைக்குத் திரையில் வந்தது கண்ணாடி போட்ட ஒரு நடுவயது அம்மாள். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கேமரா அக்கா லேப்டாப்பைத் தூக்கிவிட்டாள். சுவரைக் காட்டினாள், மேஜைக்கு அடியில் காட்டினாள், புடவைத் தலைப்பை உதறிக் காட்டினாள். மேஜை இழுப்பறையை உருவி, உள்ளே கிடந்த திருகாணி, ரப்பர் பேண்டு, காய்ந்துபோன பேனா, மூடியில்லாத தைல டப்பா எல்லாவற்றையும் கேமராவுக்கு முன்னால் கொட்டினாள். "பாருங்க மேடம். நல்லா பாருங்க."

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நாங்க கேக்கவே இல்லையேம்மா. ஏன் காட்டுறீங்க?"

காலி இழுப்பறையைக் கையில் பிடித்துக்கொண்டு கேமரா அக்கா அப்படியே நின்றாள். எடுக்கவில்லை, ஒளிக்கவில்லை, ஆனாலும் உடம்பெல்லாம் வேர்த்தது.

அந்த அம்மாள் தேர்வு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதில் ஒருத்தி எழுதுகிறாள். எழுதும்போதே அவள் கண் இடது மூலைக்குப் போகிறது, வலது மூலைக்குப் போகிறது, வாசலுக்குப் போகிறது, கடிகாரத்துக்குப் போகிறது, மறுபடி இடது மூலை. சத்தமே இல்லை. இவளை நானே பிடித்திருப்பேன் என்று நினைத்தாள் கேமரா அக்கா.

"என் வேலை அப்படி மேடம்" என்று ஆரம்பித்து திரைகளைப் பற்றிச் சொன்னாள். தேவைக்கு மேல் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னாள். "வேணும்னா கடைக்குப் போன் பண்ணிக் கேளுங்க." எத்தனை பேர் அவளிடம் இதே குரலில், வேணும்னா எங்க வீட்டுக்குப் போன் பண்ணிக் கேளுங்க என்று கெஞ்சியிருக்கிறார்கள்!

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றாள் அந்த அம்மாள். "எனக்குத் தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். தெரியாம உங்களைத் தப்பு பண்ணவங்கன்னு நான் எழுத முடியாது. வேற கேள்வித்தாள் தர்றேன், இன்னொரு தடவை எழுதுங்க. அதுலயும் பதில் சரியில்ல, பார்வையும் ஓடுதுன்னா, இந்த வருஷம் இடம் கெடையாது."

இரண்டாம் தேர்வுக்குப் புருஷனும் சேர்ந்து பாடுபட்டார். மேஜையைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். கடிகாரத்தைக் கழற்றினார். கதவைச் சாத்திவிட்டு, லிஃப்ட்டில் பழுது பார்க்கும்போது மாட்டுகிற பலகையைக் கதவில் தொங்கவிட்டு, வெளியே காவலுக்கு நின்றார். உள்ளே அவள் கண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டு எழுதினாள். அப்படியும் அந்தப் பாழாய்ப்போன கண் இரண்டு தடவை கடிகாரம் இருந்த இடத்துக்குப் போய் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு வந்தது. போனது அவளுக்கும் தெரிந்தது. இடம் போச்சு என்றுதான் எழுந்தாள்.

முடிவு வரும் என்று சொன்ன நாளன்று கடையில் நல்ல கூட்டம். தலைக்கு எண்ணெய், ஷாம்பு வைத்திருக்கும் வரிசையில் ஓர் அம்மாள் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கை பைக்குள் போனது. காவலாளி அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துவந்தார். கேமரா அக்கா எழுந்து போய் முன்னால் நின்றதும், அந்த அம்மாள் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். சீப்பு, மாத்திரை அட்டை, சாப்பாட்டு டப்பா, குழந்தையின் ஒற்றை சாக்ஸ். "பாருங்கம்மா, நல்லா பாருங்க."

பழகிய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

வாக்கிடாக்கியில் மானேஜர் கேட்டார்: "என்னக்கா, எடுத்தாங்களா இல்லையா?"

"தெரியல சார்."

"என்னது?"

"பையில கைவிட்டது தெரிஞ்சுது. எடுத்து வச்சது தெரியல. நம்ம பொருள் எதுவும் இதுல இல்ல. அனுப்பிடுறேன்."

"உங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குக்கா தெரியும்? உங்களை எதுக்கு அங்க உக்கார வச்சிருக்கு?" மானேஜர் எரிந்து விழுந்தார். அவள் வாக்கிடாக்கியை அணைத்தாள். சாக்ஸை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டாள், இந்த முறை பதில் வேண்டும் என்பதற்காக.

"நான் கேக்கவே இல்லையேம்மா. ஏன் கொட்டிக் காட்டினீங்க?"

அந்த அம்மாள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க பாத்த பார்வை அப்படி" என்றாள். "அப்படிப் பாத்தா, எடுக்காதவளுக்கும் எடுத்துட்டோமோன்னு ஆயிடுதும்மா."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் செய்தி வந்தது. பார்வை இருமுறை விலகியது, காரணம் தெரியவில்லை, விடைகள் மாணவியின் சொந்த விடைகளாக ஏற்கப்படுகின்றன, சேர்க்கை அளிக்கப்படுகிறது. இரண்டாவது தடவை படிக்கும்போது எழுத்து கலங்கியது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான். ஆனால் முழுவதும் சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. எத்தனை பைகள் அவள் முன்னால் கவிழ்ந்திருக்கின்றன.

புருஷன் செய்தியை இரண்டு தரம் படித்தார். "காரணம் தெரியலன்னு எழுதிட்டு, எடமும் குடுத்துட்டாங்களா? எனக்கென்னவோ இதுல ஏதோ உள்குத்து இருக்குன்னு தோணுது."

அவள் அவரையே பார்த்தாள். கண் எந்த மூலைக்கும் ஓடவில்லை.

அவர் மெல்லப் பின்வாங்கினார். "ஏன் அப்படிப் பாக்குற? நான் ஒண்ணும் பண்ணலையே" என்று சட்டைப் பையில் இருந்த திருப்புளியையும் டீக்கடைச் சில்லறையையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவர் பையிலேயே திருப்பிப் போட்டாள். "சும்மாதாங்க பாத்தேன்" என்றாள்.