பால்பல்லுக்குப் போட்ட தோல்

செருப்புக் கடையின் பின்னறையில் அன்று இருந்தவர்கள் நால்வர். தம்பி, தையல் மெஷின் முன்னால் தன் முக்காலியில். தம்பி மனைவி, தோல் சுருள்களின் மேல். தையல்காரர், வாடிக்கையாளருக்கென்று போட்டிருந்த ஒரே நாற்காலியில். அக்காவுக்கு உட்கார இடமில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் காலடியில் நாய்க்குட்டி, ஃபிரிட்ஜில் வைத்தெடுத்த ஈரத்துணி முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தது. துணியில் அங்கங்கே ரத்தப் பொட்டு. பால்பல் விழுகிற பருவம்.

மேஜைமேல் கிடந்தது தையல்காரரின் இடது கால் ஷூ. அவருக்கு இடது கால் குட்டை. அதை ஈடுகட்ட, அடுக்கடுக்காகத் தோல் ஒட்டி, அடியை உயர்த்தித் தம்பி செய்து கொடுத்தது. ஓரத்தில் தையல் விட்டுப்போனதென்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். குட்டி அந்த அடுக்குகளைக் குதறிவிட்டது.

"நாள் பூரா நின்னு துணி வெட்டுறவன் நான். இனி எதைப் போட்டுக்கிட்டு நிப்பேன்? மத்த காலையும் வெட்டிச் சமமாக்கிக்கவா?" என்றார் தையல்காரர். "யாரு இதைக் குட்டிக்கு எட்டுற மாதிரி வச்சது?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் கெஞ்சியிருந்தான். "நீ ஏத்துக்கக்கா. என் கடைப் பேரு போயிடும். நீ ஏத்துக்கிட்டா குட்டி இங்கயே இருக்கட்டும்."

நடந்தது வேறு. ஈறு குறுகுறுப்பில் குட்டி கண்டதையெல்லாம் கடிக்கத் தொடங்கியதும் அக்கா துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுத்தாள். விரலால் ஈறைத் தடவிவிட்டாள். தம்பியோ, வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளை வீசினான்.

"தோலைப் போடாதடா. எது துண்டு, எது சரக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"செருப்புக்கடை நாய் தோலைக் கடிக்காம பஞ்சுமிட்டாயா கடிக்கும்?" என்று சிரித்தான். கடைசியில் அந்தத் துண்டுக் கூடையின் மேலேயே தையல்காரரின் ஷூவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவனும் அவன்தான்.

"நான்தான் வச்சேன்," என்றாள் அக்கா.

"கண்ணை எங்கம்மா வச்சிருந்தீங்க?" தையல்காரர் அடி உயர்த்தாத பழைய ஷூவில் நொண்டியபடி வெளியேறினார். அக்கா குனிந்து குட்டியைத் தூக்கிக்கொண்டாள். குட்டி தனக்கு மிஞ்சியது என்ற ஒரே ஆறுதல்.

அவர் தலை மறைந்ததும் தம்பி காகிதத்தை நீட்டினான். "மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதுக்கா. கிடங்குக்கு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தான். வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லு."

"இருக்கட்டும்னு சொன்னியேடா!"

"சொன்னேன். அவர் திரும்ப வரும்போது இது இங்க வாலாட்டிக்கிட்டு நின்னா, என்னைக் காறித் துப்ப மாட்டாரா?"

"பெரிய பல் முளைச்சிட்டா கடிக்கிறது குறைஞ்சிடும்டா."

"அதுவரைக்கும் யாரு பொறுக்கிறது?"

தம்பி மனைவி சமாதானம் சொன்னாள். "எங்கண்ணன் நல்லாத்தான் பாத்துக்குவாரு அண்ணி. சங்கிலி நீளமாத்தான் இருக்கும்."

அக்கா எழுதினாள். நலம் விசாரித்தாள். குட்டியை அழைத்துப் போகச் சொன்னாள். ஈரத்துணியை எப்படி முடிச்சிட வேண்டும், எவ்வளவு குளிர வேண்டும், ஈறில் ரத்தம் கண்டால் பயப்பட வேண்டாம் என்று வரிசையாக எழுதினாள். பிறகு: "தோல் மட்டும் போடாதீர்கள். இங்கே போட்டுப் பழக்கியவன் என் தம்பி. ஷூவை அதன் வாய்க்கு எட்டவைத்தவனும் அவனே."

வாங்கிப் படித்த தம்பியின் முகம் சுண்டியது. "கடைசி ரெண்டு வரியை அடிச்சிடு."

"நீயே வேற எழுதிக்க."

எழுத உட்கார்ந்தால் நாலு வரி தேறாது அவனுக்கு. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

அக்கா அதை மடித்து உறையிலிட்டாள். செருப்பு ஒட்டும் பசையையே தொட்டு ஓரத்தை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். தம்பி மனைவி வாங்கிக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டாள்.